நிக்கான் டி750: கல்யாண வேலைக்கு இதன் கலரும் ஷார்ப்னஸும் எப்படி?

டி750 வந்தது 2014இல். எல்லோரும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது இதற்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். பழைய கேமராவாக வாங்கிக் கல்யாண வேலையைத் தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஃபோகஸ், ஐஎஸ்ஓ, லென்ஸ் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள், படத்தின் கலர், காண்ட்ராஸ்ட், ஷார்ப்னஸை அமைக்கிற ‘பிக்சர் கண்ட்ரோல்’ மெனுவை மட்டும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் இங்கே அந்த ஒரு மெனுவும் அதோடு ஒட்டிய சில விஷயங்களும் மட்டும்தான். என் முடிவை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: பொறுமையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து அமைத்தால் அருமையான ஸ்கின் டோன் தருகிற கேமரா இது. அமைக்காமல் கண்டபடி எடுத்தால் அந்த அருமை பாதிகூடத் தெரியாது.

“நான் ரா (RAW) கோப்பில்தான், அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கிற கோப்பில்தான் எடுக்கிறேன், கேமராவுக்குள் என்ன வைத்தால் என்ன?” என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பின்பக்கத் திரையில் தெரிகிற படம், அதன் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்), வெளிச்சம் மிஞ்சிய இடம் மினுக்குவது, இவை எல்லாமே ராவிலிருந்து வருவதில்லை, கேமரா தன் அமைப்பின்படி செய்துகொள்கிற ஜேபெக்கிலிருந்து வருகிறவை. ஒரு கல்யாணத்தில் மறதியாக, கலரைத் தூக்கிக் காட்டுகிற ‘விவிட்’ அமைப்பில் விட்டுவிட்டேன். மணப்பெண் அடர் சிவப்பு உடையில் இருந்தார், ஒவ்வொரு படத்திலும் சிவப்பு சேனல் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து ராவைத் திறந்தால் உடையில் ஒன்றும் கெட்டிருக்கவில்லை, முகங்கள்தான் ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாகிற அளவு) மேல் இருட்டாகக் கிடந்தன. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ராவில் எடுத்தாலும் பிக்சர் கண்ட்ரோலைப் பார்க்காமல் முதல் படத்தை எடுப்பதில்லை. இன்னொன்று, லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருள் நீங்கள் கேமராவில் வைத்த ஷார்ப்னஸ், காண்ட்ராஸ்ட் எண்களை எடுத்துக்கொள்ளாது, ‘கேமரா போர்ட்ரைட்’ மாதிரி அதற்கு நெருக்கமான புரொஃபைல்தான் அதில் கிடைக்கும். எண்கள் அப்படியே வேண்டுமென்றால் நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோவில் திறக்க வேண்டும், அது இலவசம்தான்.

மெனுவில் இருப்பவை ஏழு: ஸ்டாண்டர்டு, நியூட்ரல், விவிட், மோனோக்ரோம், போர்ட்ரைட், லேண்ட்ஸ்கேப், ஃப்ளாட். விவிட்டும் லேண்ட்ஸ்கேப்பும் மனித முகத்துக்கு ஆகாது, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம். ஃப்ளாட்டுக்குத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள், நிழலிலும் வெளிச்சத்திலும் நிறைய விவரம் நிற்கிறது என்பதால். உண்மைதான், ஆனால் அது எடிட் செய்வதற்கான அடித்தளம். அந்த ஜேபெக்கை அப்படியே யாரிடமாவது நீட்டினால் “ஏன் இப்படி வெளிறிப்போயிருக்கு?” என்றுதான் கேட்பார்கள். ராவில் எடுக்கிறவர்கள் ஹிஸ்டோகிராம் நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கட்டும் என்று ஃப்ளாட்டோ நியூட்ரலோ வைத்துக்கொள்வது வேறு விஷயம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜேபெக்கையே கொடுக்கப்போகிறவர்களுக்குப் போர்ட்ரைட். மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை எந்தத் தோலிலும் அது சாயத்தைப் பூசிவிடுவதில்லை, கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்குகிற இடம் மெதுவாக இறங்குகிறது. ஸ்டாண்டர்டில் அதே இடம் சட்டென்று வெட்டினாற்போல எனக்குத் தெரிகிறது. ஒருவேளை என் கண்ணோ என்னவோ. சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) தொடாதீர்கள், ஒரு படி ஏற்றினாலே மாநிறம் ஆரஞ்சுப் பக்கம் சாய ஆரம்பிக்கும். ஹியூவை (நிறச் சாயல்) கூட்டினால் சிவப்பு ஆரஞ்சை நோக்கிப் போகும், குறைத்தால் ஊதாவை நோக்கி. அதையும் நான் சுழியத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

இனி ஷார்ப்னஸ். அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். அளவு 0 முதல் 9 வரை, இடையில் கால் படியாகவும் நகர்த்தலாம். புதிதாக வருகிறவர்கள் ‘கூட வைத்தால் தெளிவு கூடும்’ என்று 7, 8 என்று ஏற்றிவிடுகிறார்கள். லென்ஸ் பிடிக்காத விவரத்தை எந்த எண்ணும் கொண்டுவராது. கேமரா செய்வதெல்லாம் ஓரங்களில் இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்குவதுதான். கண்ணிமைக்கு அது அழகு. மூக்கின் மேலுள்ள நுண்ணிய தோல் துவாரங்களுக்கும், மேக்கப் திட்டுத் திட்டாக நிற்கிற இடத்துக்கும், பின்னாலிருந்து விளக்கு அடிக்கும்போது முடியின் ஓரத்துக்கும் அதுவே சத்துரு. ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 3200ஐத் தாண்டினால் மணல் மணலாக வருகிற நாய்ஸையும் சேர்த்து அது கூர்மையாக்கும், அதை அடக்க நாய்ஸ் ரிடக்‌ஷனை ‘ஹை’யில் வைத்தால் முகம் மெழுகுப் பொம்மை. இரண்டையும் ஏற்றிவைத்து எடுத்த படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தால் அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள்.

நான் வைப்பது இப்படி. 85 மிமீ லென்ஸில் முகத்தை நெருங்கி எடுக்கும்போது 2. வெளிச்சம் குறைந்த அரங்கில் 1, நாய்ஸ் ரிடக்‌ஷன் லோ. குரூப் போட்டோவுக்கு மட்டும் 4, ஏனென்றால் முப்பது பேர் நிற்கிற படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைக்கிற பிக்சலே கொஞ்சம், அங்கே துவாரம் தெரியுமோ என்ற கவலை இல்லை. இதில் சென்சாருக்கு முன்னால் லோ பாஸ் ஃபில்டர் (மிக நுண்ணிய விவரத்தை லேசாக மழுக்குகிற தகடு) இருக்கிறது, அதனால் துணியின் நெசவில் வானவில் கோடுகள் வருவது குறைவு, ஆனால் சுத்தமாக 0 வைத்தால் படம் லேசாகத் தூங்குவது போலிருக்கும். பிரிண்ட் கணக்கையும் பாருங்கள்: 6016 பிக்சல் அகலப் படம் 18 அங்குலத்தில் விழுந்தால் அங்குலத்துக்கு 334 பிக்சல், அதே படம் ஆல்பத்தின் இரண்டு பக்கமும் விரிந்து 36 அங்குலமானால் 167. ஒரே ஷார்ப்னஸ் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? அதனால்தான் கேமராவில் குறைவாக வைத்துக்கொண்டு, அளவு முடிவான பிறகு மேலே சேர்ப்பது நல்லது. ஒரு லேபில் பிரிண்ட் போடும்போது அவர்களும் தங்கள் பங்குக்குக் கூர்மையாக்குவார்கள் என்பது தெரியாமல், கேமராவில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை ஏற்றி அனுப்பி, மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட ஆல்பம் ஒன்றை வாங்கிய அனுபவம் உண்டு. முதலில் கேட்டிருக்கலாம். ஜேபெக்கில் ஒருமுறை ஏறிய ஷார்ப்னஸை இறக்கவும் முடியாது.

க்ளாரிட்டி (படத்தின் தெளிவைக் கூட்டிக் குறைப்பது) என்று தனியாக ஒன்று இருக்கிறது, -5 முதல் +5 வரை. வயதானவர்களை எடுக்கும்போது -1, மற்ற நேரத்தில் 0. இறக்கிக்கொண்டே போனால் பனிமூட்டத்துக்குள் எடுத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஷார்ப்னஸ், காண்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் எல்லாவற்றிலும் ‘ஏ’ என்று ஓர் ஆட்டோ உண்டு, அதைக் கல்யாணத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எக்ஸ்போஷரையும் ஆள் படத்தில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும் பொறுத்து அதன் முடிவு மாறும், அடுத்தடுத்த மூன்று படங்கள் மூன்று விதமாக வரும். ஆல்பத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் வரப்போகிறவை.

இவ்வளவும் செய்துவிட்டு ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் பாதி வேலை வீண். டி750இல் ஆட்டோ இரண்டு வகை, ஒன்று சாதாரணம், மற்றொன்று மஞ்சள் விளக்கின் கதகதப்பை அப்படியே விட்டுவைப்பது. இரண்டாவது எனக்குப் பிடிக்கும், ஆனால் மேடையில் ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் எடுக்கப்போகிறேன் என்றால் கெல்வினில் (விளக்கின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் அளவு) எண்ணைப் பூட்டிவிடுவேன். எண் கொஞ்சம் தப்பாக இருந்தால்கூட எல்லாப் படமும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும், ஒரே சொடுக்கில் சரிசெய்துவிடலாம். மலிவான எல்இடி விளக்குகளின் பச்சை வாடைக்கு, நுண்சரிசெய்தலில் மெஜந்தா பக்கம் ஒன்றிரண்டு படி நகர்த்தினால் போதும். ஊதா, நீலம் என்று மாறி மாறி அடிக்கிற மேடை விளக்கை மட்டும் எந்த அமைப்பாலும் ஜெயிக்க முடியாது, ஃப்ளாஷ்தான் வழி. சுற்றிலும் மஞ்சள் விளக்கு என்றால் ஃப்ளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) போடுங்கள், இல்லாவிட்டால் முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் போய் நிற்கும்.

ஆக்டிவ் டி-லைட்டிங்கை வெயிலில் லோவில் வைப்பேன், உள்ளரங்கில் அணைத்துவிடுவேன். நிழலைத் தூக்குகிற வேலை அது, இருட்டில் தூக்கினால் கூடவே நாய்ஸும் எழுந்து வரும்.

எனக்கு மிகவும் உதவியது கடைசியில் கண்டுபிடித்த ஒரு வசதி. மாற்றிய அமைப்பை நமக்கு வேண்டிய பெயரில் சேமிக்கலாம், கேமராவுக்குள் ஒன்பது வரை. அதை மெமரி கார்டுக்கு ஏற்றி இன்னொரு டி750இல் இறக்கவும் செய்யலாம். நானும் கூட வருகிற தம்பியும் ஒரே அமைப்பை ஏற்றிக்கொண்டு, ஒயிட் பேலன்ஸுக்கு ஒரே கெல்வின் எண் வைத்து எடுக்க ஆரம்பித்த பிறகு, யார் எடுத்த படம் எது என்று கலரை வைத்துச் சொல்ல முடியவில்லை. மேலே டயலில் நம் அமைப்புகளைச் சேமித்துவைக்கிற இடங்களான யு1இல் வெளிப்புறம், யு2இல் மேடை என்று பிரித்துப் பூட்டியிருக்கிறேன். நடுவில் எதையாவது மாற்றிவிட்டு டயலைத் திருப்பினால் அந்த மாற்றம் போய்விடும், பூட்டியதுதான் திரும்ப வரும். தம்பி இதைத் தெரியாமல் ஒரு மாலை முழுக்க “கேமரா என் பேச்சைக் கேட்க மாட்டேங்குதுண்ணே” என்று புலம்பிக்கொண்டிருந்தான்.