வீட்டு இலக்கத்தைப் பிழையாகச் சொன்ன அழைப்பு: கொழும்பில் அடையாள அட்டைப் பிரதி கொடுப்பவர்கள் கவனம்

வயதான அம்மா அப்பா வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். அம்மாவின் கணக்கில் இருந்து 62,500 ரூபாய் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு பத்திரம் எடுப்பதற்காக அம்மாவைக் கொழும்பில் உள்ள ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. படிவத்தில் முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்டிருந்தார்கள். அம்மா கண்ணாடியை விட்டுவிட்டு வந்ததால் நான்தான் நிரப்பினேன். அவசரத்தில் 2/4 என்ற எங்கள் வீட்டு இலக்கத்தை 4/2 என்று எழுதிவிட்டேன். அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தோம். எழுதுவினைஞர் அதை வாங்கி, ஜன்னல் ஓரம் இருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டார். நாங்கள் அங்கே நிற்கும்போதே வேறொருவர் தன்னுடைய படிவத்தைத் தேடி அந்தக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் மனம் வேகிறது.

பத்தொன்பது நாள் கழித்து அழைப்பு வந்தது. அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார், ஒரு கை முழுக்க மா. நல்ல தமிழில் ஒரு பொடியன்: "அன்ரி, உங்கட பத்திரம் ரெடி." அம்மாவின் பெயர், தாத்தாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறான். "வாற மாசம் உங்கட பிறந்தநாள் எல்லோ" என்றும் சொல்லியிருக்கிறான். பிறகு "வீடு 4/2 தானே?" என்று கேட்டான். அம்மா, "இல்லைத் தம்பி, 2/4" என்றார். "சரி அன்ரி, நான் திருத்திவிடுறன்."

அந்தத் திருத்தத்தோடு அம்மாவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. 350 ரூபாய் கட்டணத்தை ஒன்லைனில் கட்டவேண்டும் என்றான். கார்ட் இலக்கத்தைக் கொடுத்தார், ஓடிபியையும் சொன்னார், இரண்டு தரம். வெட்கத்தில் பின்னேரம் வரை எனக்குச் சொல்லவில்லை. வங்கி கார்டை நிறுத்தியது, ஆனால் ஓடிபியை நீங்களே கொடுத்ததால் பணத்துக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது.

பிறந்தநாள் எப்படித் தெரிந்தது என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அது இலக்கத்திலேயே இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. 2016 இல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் முழுதாக இருக்கும்.

ஆனால் 4/2? கரண்ட் பில்லில், வங்கியில், அடையாள அட்டையில் எங்கும் அந்தப் பிழை இல்லை. உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது, அதுவும் என் கையெழுத்தில்.

இதைச் சொல்லத்தான் அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போனேன். பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். "இங்கிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் பத்து இடத்தில் பிரதி கொடுத்திருப்பீர்கள்" என்றார். 4/2 கதையை இரண்டு தரம் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை. இனி எல்லாம் கணினிக்குப் போய்விடும், இந்தப் பிரச்சினை வராது என்றார். 2023 இல் அரசாங்கத்தின் இணையச் சேமிப்பான கிளவுட்டை, தரவைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் தாக்கி, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் மூன்று மாதத்துக்கும் மேலான தரவு பேக்கப் இல்லாமல் அழிந்ததை நாங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்தோம். கூடையைப் பூட்டாதவர்கள் கணினியை எப்படிப் பூட்டுவார்கள்?

பத்து இடத்தில் கொடுத்திருப்போம் என்பது மட்டும் உண்மை. கொழும்புத் தமிழருக்கு அது பழகிப்போன விஷயம். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே இறங்கப் பயந்தவர்கள் நாங்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரை இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை அம்மா இன்னும் சொல்வார். கேட்டால் கொடு, ஏன் என்று கேட்காதே என்று அப்போது பழகியதை இன்றைக்கு லிஃப்ட் வாசல் காவலாளி முதல் போன் கடை வரை எல்லாரிடமும் செய்கிறோம்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே வந்துவிட்டது, 9ஆம் இலக்கம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, தள்ளிப்போயின. தள்ளிப்போட்டபோது கேட்க ஆளில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் கையில் இருக்கிற சட்டத்தைப் பிடித்தேன். 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தமிழிலேயே விண்ணப்பம் எழுதினேன். படிவங்கள் எங்கே வைக்கப்படுகின்றன, யார் கை வைக்கலாம், பழையவற்றை எப்படி அழிக்கிறீர்கள், அம்மாவின் படிவம் இப்போது எங்கே என்று கேட்டேன். 14 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். வரவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், அங்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் வங்கி, பிறகு கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 என்ற போன் நம்பர், பிறகு பொலிஸ். இனிமேல் பிரதி கொடுக்கும்போது அட்டைப் படத்துக்குக் குறுக்கே, எந்த அலுவலகம், எதற்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதுங்கள். போன கிழமை வேறொரு அலுவலகத்தில் அப்படிக் கொடுத்தேன், நிமிர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி ஆறு மாதத்துக்குள் அரசாங்க அலுவலகம் எதிலாவது படிவம் கொடுத்து, அதற்குப் பிறகு இப்படித் தமிழில் கதைத்து அழைப்பு வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்தத் திகதி கொடுத்தீர்கள், எந்தத் திகதி அழைப்பு வந்தது என்பது போதும், அட்டை இலக்கம் அனுப்பவேண்டாம். ஆணைக்குழுவுக்குப் போகும்போது அந்தத் திகதிகளையும் சேர்த்துக் கொடுப்பேன்.