ஈரல் ஆபரேஷன் முடிஞ்ச வீட்டுக்காரங்க கவனிங்க: ‘ஸ்டெம் செல்’னு சொல்லி 3,60,000 ரூபாயைப் பிடுங்கிட்டானுவ

அத்தானுக்குக் கட்டி வந்து ஈரலோட வலது பாகத்தை எடுத்தாங்க. ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரி மேல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், பாளையங்கோட்டை பக்கம் செல் சிகிச்சைன்னு போர்டு போட்ட ஒரு இடத்துலேருந்து ஒருத்தன் அம்பாசமுத்திரத்துக்கே வந்துட்டான். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, “யக்கா, விதைநெல்லு இல்லாம வயலு விளையுமா? மிச்ச ஈரல் வளரணும்னா ஸ்டெம் செல் போட்டே ஆகணும்”னு சொல்லியிருக்கான். ஸ்டெம் செல்னா வேற வகை செல்லா மாறி வளரக்கூடிய மூல செல். எங்களது விவசாயக் குடும்பம். அந்த ஒத்தை வார்த்தையில அக்கா நம்பிட்டா. நகையை அடகு வச்சு, ஊசிக்கு 1,20,000 வீதம் மூணு ஊசி. 3,60,000 ரூபாய்!

விதைநெல்லுங்கிறதே பொய். வெட்டி எடுத்த பாகம் திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கிறதுதான் பருக்கும். அதைச் செய்யறது அங்கேயே இருக்கிற சாதாரண ஈரல் செல்கள். குடல்லேருந்து வர்ற ரத்தம் அத்தனையும் அந்தச் சின்ன ஈரலுக்குள்ள பாயும்போது, ஐ.எல்.-6, எச்.ஜி.எஃப். மாதிரி சமிக்ஞைகள் கிளம்பி அதுகளைப் பெருக வைக்குது. பித்த நுண்குழாய் ஓரத்துல ஸ்டெம் செல் மாதிரி செல்கள் உண்டுதான். ஆனா ஈரல் செல்கள் பெருக முடியாம ஓஞ்சு போனாத்தான் அதுகளுக்குப் பெரிய வேலை. நல்ல ஈரல்னா நாலுல ஒரு பங்கு மிச்சம் இருந்தாலே பொதுவா சமாளிச்சிடும், சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப் போறது) இருந்தா 40 சதவீதமாவது வேணும். சி.டி. ஸ்கேன்ல அளந்து பாத்துத்தான் கத்தியே வைப்பாங்க.

மூணாம் மாச ஸ்கேன்ல ஈரல் பெருசாகியிருந்துச்சு. “பாத்தியளா, எங்க மருந்து”ன்னான். ஈரல் தானா செஞ்ச வேலைக்கு 3,60,000!

நான் ரத்த வங்கியில வேலை பாக்கேன். அக்கா எடுத்து வச்சிருந்த காலிப் பையைப் பாத்ததும் வயிறு எரிஞ்சிட்டு. செல் எண்ணிக்கை இல்ல, எத்தனை சதவீதம் உயிரோட இருக்குன்னு இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, காலாவதி தேதி இல்ல. உறைய வச்ச செல்னானாம். அது திரவ நைட்ரஜன் குளிர்ல, மைனஸ் 150 டிகிரிக்கும் கீழ வரணும். வந்ததோ தெர்மாகோல் பெட்டியில, ரெண்டு ஐஸ் ஜெல் பையோட. அத்தான் உடம்புக்குள்ள என்னத்த ஏத்துனானோ.

பணத்தைக் கேட்டா, “டாக்டர் கான்ஃபரன்ஸ்ல இருக்காரு.” அடுத்த வாரம், “பில்லு சென்னையிலேருந்து வரணும் அண்ணாச்சி.” கடைசியில, “கையெழுத்துப் போட்டுத்தான குடுத்திய?” அந்தத் தாள்ல ‘ஆராய்ச்சி’ன்னு ஒரு வரி. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசே வாங்கக் கூடாது! 2017 ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கு மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாத்துறது மாதிரி சிலதுதான் சிகிச்சை. ஈரலுக்குப் போடறது அதுல கிடையாது.

விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஓடல. ஆராய்ச்சின்னு சொன்னா சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளைப் பதியற இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்க, நீங்களே தேடிப் பாருங்க. ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. கண்ணு மஞ்சளாச்சு, வயிறு வீங்குது, பேச்சு குழறுதுன்னா நேரா ஆஸ்பத்திரி. காலிப் பையைத் தூக்கி மட்டும் எறிஞ்சிராதீங்க, புகாருக்கு எங்க கையில இருக்கிறது அது ஒண்ணுதான்.