வெண்கலப் பாத்திரத்த பாலிஷ் போட வெளிய குடுக்காதீங்க, 3,800 ரூபாயும் போச்சு பாட்டி பானையும் போச்சு

கை இன்னும் நடுங்குது, தப்பா டைப் பண்ணா மன்னிச்சுக்கோங்க. வெண்கலப் பாத்திரத்த எப்படி தேய்ச்சு வச்சுக்கறதுன்னும் கடைசில எழுதறேன், முதல்ல நடந்தத சொல்லிடறேன்.

எங்க பாட்டி கும்பகோணத்துல வாங்குன வெண்கலப் பானை ஒண்ணு, ஒரு உருளி, ரெண்டு கிண்ணம். பரண்ல கெடந்து கருத்துப் போச்சு. புளி போட்டு தேய்க்க எனக்கு தோள்பட்டைல தெம்பு இல்ல. போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போயி பாலிஷ் போட்டு திருப்பிக் குடுக்கற சர்வீஸ். நாலு உருப்படிக்கு 3,800 ரூபாய், முழுசும் முன்னாடியே. சரின்னு அனுப்பிட்டேன்.

எடுக்க வந்த பையன்தான் என்ன கவுத்தான். பானைய ரெண்டு கையாலயும் தூக்கி, விரல் நுனியால ஒரு சுண்டு சுண்டுனான். கோயில் மணி மாதிரி கார்வை நின்னுச்சு. "அக்கா, இது சுத்தமான வெண்கலம், எங்க ஆயாவும் இதுலதான் பொங்கல் வைக்கும்"னு சொல்லிட்டு என்கிட்டயே ஒரு பழைய டவல் கேட்டு வாங்கி சுத்தி எடுத்துட்டுப் போனான். அந்த டவல்ல விழுந்துட்டேன் நான். எடை போடல, போட்டோ எடுக்கல, ரசீது கேக்கல.

ரெண்டு நாள்ல வரும்னாங்க, பதினோரு நாள் ஆச்சு. பானை தங்கம் மாதிரி மின்னுச்சு, ஒத்துக்கறேன். ஆனா கழுத்துல புள்ளி புள்ளியா வெட்டியிருந்த பாட்டி பேர காணோம். மெஷின் வீல்ல வச்சு ஒரே தேய்ப்பா தேய்ச்சுட்டானுங்க. கேட்டா "பாலிஷ்னா அப்படித்தான் மேடம், உள்ள ஈயம் கூட இனாமா பூசிக் குடுத்திருக்கோம்"னு பதில். நானும் லூசு மாதிரி தேங்க்ஸ் சொன்னேன்.

இன்னைக்கு காலைல வெண்பொங்கலுக்கு பாசிப்பருப்ப வெறுமனே வறுக்கலாம்னு பானைய அடுப்புல வச்சேன். கொஞ்ச நேரத்துல பருப்புக்கு நடுவுல வெள்ளி வெள்ளியா குண்டுமணி சைசுல என்னமோ உருளுது, பாதரசம் மாதிரி. பதறிப்போயி அடுப்ப அணைச்சு, பருப்ப கொட்டி, ஆறுனதும் தண்ணி ஊத்திப் பாத்தா அடியில சொட்டு சொட்டா ஒழுகுது. ஒரு விரக்கடை நீளத்துக்கு கீறல்!

பக்கத்துல இருக்கற பாத்திரக்கடை பெரியவர்கிட்ட தூக்கிட்டு ஓடுனேன். அவர் பாத்ததும் சொன்னார், "வெண்கலத்துக்கு எதுக்கும்மா ஈயம், அதுலயே வெள்ளீயம் (டின்) கலந்துதான இருக்கு, பித்தளைக்குத்தான் பூசுவாங்க. இது கீறல மறைக்கப் பூசுனது, சூட்டுல உருகித்தான் உருண்டிருக்கு." பித்தளை விழுந்தா நசுங்கும், வெண்கலம் விழுந்தா கீறல் விடுமாம். உள்பக்கத்த ஒரு வெள்ள பேப்பர்ல தேய்ச்சுக் காட்டுனார், பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்துல விழுந்துச்சு. வெள்ளீயம் இப்படி இழுக்காது, காரீயம் (லெட்) கலந்திருக்கும் போல, இதுல சமைச்சு புள்ளைங்களுக்கு குடுத்துடாதன்னார். வயித்த கலக்கிடுச்சு. காரீயம் விஷம்ங்க, அதுவும் சின்னப் புள்ளைங்களுக்கு! கலாய் (அதான் ஈயம்) பூசறேன்னு என்னையே கலாய்ச்சுட்டானுங்க.

போன் பண்ணேன். மொதல்ல "வீடியோ அனுப்புங்க மேடம்". அனுப்புனேன். அப்புறம் "டீம்ல பேசிட்டு சொல்றோம்". ஒரு மணி நேரம் கழிச்சு "பழைய பாத்திரம், கீறல் முன்னாடியே இருந்திருக்கும், இல்லன்னு காட்ட போட்டோ இருக்கா?" இல்லையே, அது அவனுங்களுக்கும் தெரியும். அந்தப் பையன் நம்பருக்கு அடிச்சா, அக்கான்னு கூப்ட்டவன் "யாருங்க நீங்க"ங்கறான். மத்தியானத்துக்கு மேல ரெண்டு நம்பர்லயும் பிளாக். 3,800 ரூபாய்! அந்தக் காசுக்கு ஆள் வச்சு வருஷம் பூரா புளி போட்டு தேய்ச்சிருக்கலாம். 1915-ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு அடிச்சு புகார் பதிஞ்சிருக்கேன், பாப்போம். பானைய பழைய வெண்கலமா எடைக்கு வேணா போடலாம்ங்கறார் பெரியவர். மனசு வரல.

தேய்க்கற விஷயம், சுருக்கமா: புளி, கல்லுப்பு, தேங்கா நார், அவ்ளோதான். கம்பி நார் வேணாம். கழுவுன உடனே துணியால தொடைச்சிடுங்க, ஈரம் நின்னா திட்டுத் திட்டா கருக்கும். சூடா இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்தாதீங்க. புளிக்குழம்ப அதுலயே ராத்திரி விட்டு வைக்காதீங்க. வெளிய குடுத்தே ஆகணும்னா எடை போட்டு, சுண்டுற சத்தத்தோட வீடியோ எடுத்து (கீறல் விட்டா அந்தக் கார்வை நிக்காது), பேரு வெட்டுன எடத்த போட்டோ எடுத்துட்டு குடுங்க, முழு காச முன்னாடியே குடுக்காதீங்க. வேற என்னமோ எழுதணும்னு இருந்தேன், மறந்துடுச்சு.

உருளி இன்னும் மேடை மேலயே இருக்கு. அத சுண்டிப் பாக்க இன்னும் தைரியம் வரல.