ஐஸ் பையா, சூட்டுப் பட்டையா?

அக்கா மகன் வாந்தி எடுத்தால் எங்கள் லயமே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) விழித்துக்கொள்ளும். தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்கும் ஷண்ட் குழாய் அவனுக்கு இருக்கிறது. வெறும் வயிற்றுக் கோளாறா, குழாய் அடைத்துக்கொண்டதா என்று அறிய ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போக வேண்டும். அக்காவுக்கு அன்றைய பேர் (நாள் கூலி) போச்சு.

அங்கே எடுக்கும் சி.டி. ஸ்கேன், மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளின் அளவைக் காட்டும். குழாயில் நீர் ஓடுகிறதா என்று காட்டாது. அடைத்த பிறகும் சிலருக்கு அறைகள் விரிவதில்லை. கதிர்வீச்சு வேறு, வாந்தி வரும்போதெல்லாம் எடுக்கவும் முடியாது.

ஊசியில்லாமல் ஓட்டத்தைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே காறையெலும்புப் பக்கம், குழாய் தோலுக்கு அடியில் மேலாக ஓடும் இடத்தைத்தான் நம்புகின்றன. ஷண்ட்செக் கருவியில் ஐஸ் பையை ஒரு நிமிடம் வைத்துக் குழாய் நீரைக் குளிரவைப்பார்கள். நீர் ஓடினால் கீழே ஒட்டிய சென்சாரில் சூடு குறையும். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டது இதற்கு நேர்மாறு: மென்மையான பட்டை தோலை இலேசாகச் சூடாக்கும், சூடு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று அளந்து கம்பியில்லாமல் அனுப்பும்.

வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குப் பட்டைதான் பிடிக்கிறது. ராத்திரி 2 மணிக்கு லயத்தில் ஐஸுக்கு எங்கே போவது? (குளிருக்கு மட்டும் பஞ்சமில்லை!)

ஆனால் ஒரு சிக்கல். மூளை நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீட்டர் நீர் சுரந்தாலும், ஷண்ட் எந்நேரமும் ஓடாது. அழுத்தம் ஏறினால்தான் குழாயிலுள்ள வால்வு திறக்கும். அதனால் ‘ஓட்டமில்லை’ என்று வந்தால் அடைப்பா, ஓய்வா என்பது புரியாது. ஐஸ்காரர்கள் இதற்கென்று வால்வை அதிரவைத்துக் கொஞ்சம் நீரை ஓடச்செய்யும் சிறு கருவியைச் சேர்த்தார்கள். அதிலும் ஓடவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். இந்த ஒன்றுக்காகவே, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒன்று வாங்குவதென்றால் ஐஸுக்குத்தான் என் ஓட்டு.

அழுத்தத்தையே அளக்கும் சென்சாரும் இருக்கிறது. அதை உள்ளே வைக்க ஆபரேஷன் வேண்டும், அதனால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா கேட்டாள்: “ஓடுதுன்னு காட்டியும் இவன் கண்ணத் தொறக்காம கெடந்தா?”

அப்போது பஸ்ஸுக்குக்கூட நிற்கக் கூடாது அக்கா, ஆட்டோதான்.