சிறுவர் வார்டுக்கு முழு மதிப்பெண், ஹோர்மோன் ரிப்போட்டுக்கு இல்லை

ஹட்டன் பக்கம் பிள்ளைக்குச் சிறுநீரக அழற்சி வந்து அலைகின்ற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கையின் எட்டு வயது மகனுக்கு இந்த நோய் வந்தபோது இரண்டு சேவைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்று, டவுனில் இருக்கும் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். மற்றது, அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்டு. இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை. முதலாவது காசு வாங்கிக்கொண்டு எங்களைப் பயமுறுத்தியது. இரண்டாவது ஒரு சதமும் வாங்காமல் பிள்ளையைக் குணப்படுத்தியது.

பிள்ளைக்குக் காலில் சிரங்கு வந்து ஆறிப்போயிருந்தது. தோட்டத்து லய அறையில் ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுக்கும்போது ஒருவருக்கு வந்த சிரங்கு மற்றவருக்கும் வராமல் இருக்காது. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி புகுந்தால், மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தொண்டை நோவுக்குப் பிறகு என்றால் ஒன்றிரண்டு வாரத்திலேயே வந்துவிடும். கிருமி நேராகச் சிறுநீரகத்துக்குப் போவதில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருட்களின் சேர்க்கைகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இவனுக்குக் காலையில் கண் இமைகள் வீங்கின. சிறுநீர் சாயத்தண்ணீர் (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனது. அதுவும் கொஞ்சமாகவே போனது.

டவுனில் பார்த்த தனியார் வைத்தியர் ஒரு நீண்ட பட்டியலை எழுதிக் கொடுத்தார். அதில் உடலின் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ரெனின், அல்டோஸ்டெரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களின் பரிசோதனைகளும் இருந்தன. அந்த இரண்டுக்கு மட்டும் தங்கை கட்டிய பணம், கொழுந்து மலையில் பல நாள் முழுப்பேர், அதாவது முழு நாட் சம்பளம், விழுந்தால்தான் கைக்கு வரும். பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுத்த பெண் அன்பாகத்தான் நடந்துகொண்டார், ஊசியும் ஒரே குத்தில் முடிந்தது. ஆனால் பிள்ளை படுத்திருந்தானா, நடந்து வந்தானா, என்ன மருந்து குடிக்கிறான், உப்பு சாப்பிடுகிறானா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவை ஒவ்வொன்றும் ரெனின் அளவை மாற்றும். எடுத்த குழாயைக் கொழும்புக்கு அனுப்புவதற்காகப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ரெனினுக்கு அது பொருந்தாத முறை. இரத்தம் பனிக்கட்டியாக உறையாமல் வெறும் குளிரில் கிடந்தால், செயலற்றிருக்கும் அதன் முன்வடிவம் செயற்படும் ரெனினாக மாறி அளவைக் கூட்டிக் காட்டிவிடக் கூடும்.

ரிப்போட் வந்தபோது பிள்ளை வார்டில் இருந்தான். இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் ‘குறைவு’ என்று குறி. எதிரே அச்சிட்டிருந்த எல்லை வளர்ந்தவர்களுக்கு உரியது. சிறுவர்களுக்கு இந்த இரண்டு ஹோர்மோன்களும் வளர்ந்தவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. வயதுக்கு ஏற்ற எல்லை போடாத ரிப்போட்டை எட்டு வயதுப் பிள்ளையின் தாயிடம் எப்படிக் கொடுக்க மனம் வருகிறது? தங்கை அதைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இவனுக்கு ஹோர்மோனும் சுரக்கவில்லையாம்” என்று அழுதாள். கவுண்டரில் கேட்டால், இன்னும் பெரிய ஹோர்மோன் தொகுதி ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதே நிலையம், ஸ்ட்ரெப்டோகொக்கஸுக்கு எதிரான ஓர் எதிர்ப்பொருளை அளக்கும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனையைப் பார்த்து, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றே இல்லை என்றும் சொல்லியிருந்தது. தோலில் வந்த தொற்றுக்குப் பிறகு ஏ.எஸ்.ஓ. பல வேளைகளில் உயர்வதில்லை. அதற்கு வேறு எதிர்ப்பொருள் பரிசோதனை இருக்கிறது.

வார்டு டொக்டர் சிங்களப் பெண். தமிழ் ஓரளவு பேசுவார், தடங்கும் இடத்தில் தாதி எடுத்துக் கொடுப்பார். ரிப்போட்டைப் பார்த்துவிட்டு அதன் பின்பக்கத்திலேயே ஒரு சிறுநீரகம் வரைந்தார். “அம்மா, இது இந்த நோயில் வர வேண்டிய எண்தான். பயப்பட வேண்டாம்” என்றார். பிறகு விளக்கினார். வடிகட்டி வீங்கியதால் உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் போதுமானதற்கு மேல் இருப்பதை அறிந்த சிறுநீரகம் ரெனின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ரெனின் குறைந்தால் அதன் வழியாகத் தூண்டப்படும் அல்டோஸ்டெரோனும் குறைகிறது. நீர் நிறைந்து விரியும் இதயமோ, உப்பை வெளியேற்றச் சொல்லும் தன் ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. நோயுற்ற சிறுநீரகம் அந்தக் கட்டளையைச் சரியாக ஏற்பதில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். 1898இல் ஸ்டாக்ஹோமில் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டறிந்த ரெனின் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்துக்குப் பிறகுதான் இந்தப் பிள்ளையின் வீக்கம் எனக்கு முழுமையாக விளங்கியது. இங்கே அழுத்தம் ஏறுவதற்கு முதற்காரணம் தேங்கிய உப்பும் நீரும். அதனால்தான் உப்பைக் குறைப்பதும் ஃபுரோசமைட் கொடுத்து நீரை வெளியேற்றுவதும் முதல் வைத்தியமாகின்றன. அல்டோஸ்டெரோன் பொட்டாசியத்தை வெளியேற்ற உதவும் ஹோர்மோன். அது குறைந்து, சிறுநீரும் குறைந்திருக்கும்போது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அது இதயத்துக்கு ஆபத்து. நோயாளிப் பிள்ளைக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்த இளநீரையும் வாழைப்பழத்தையும் தாதி வாசலிலேயே திருப்பி அனுப்பியதன் காரணமும் இதுதான்.

“அப்படியென்றால் இந்தப் பரிசோதனை தேவையா, டொக்டர்?” என்று கேட்டேன். “வழக்கமான பிள்ளைக்குத் தேவையில்லை, சேர். கொம்ப்ளிமென்ட் சி-3, பொட்டாசியம், கிரியாட்டினின், சிறுநீர், பிரஷர். எனக்கு இவை போதும்” என்றார். சி-3 என்பது இந்த நோயில் இரத்தத்தில் குறைந்துவிடும் ஒரு நோயெதிர்ப்புப் புரதம். கிரியாட்டினின், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு.

பிரஷர் பார்த்த விதத்தை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். அங்கே கையில் சுற்றி ஊதும் பட்டைகள் மூன்று அளவில் தொங்கின. தாதி பிள்ளையின் மேற்கையை அளந்து, அதற்குப் பொருந்தியதை எடுத்தார். ஊதும் பகுதி கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும். பெரியவர்களின் பட்டையைச் சிறு கையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். எங்கள் பக்கத்துப் பல இடங்களில் பெரியவர்களுக்கான பட்டை ஒன்றே இருக்கிறது. இந்த நோயில் அழுத்தம் தெரியாமல் ஏறினால் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். ஒரு சிறிய பட்டை இல்லாததால் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரே தராசில் நிறை. குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கட்டிலில் தொங்கும் தாளில் குறிப்பு. அந்தத் தாளின் தலைப்புகளைத் தாதி தமிழில் எழுதிக் கொடுத்ததால் தங்கையே மில்லிலீற்றர் பார்த்து நிரப்பினாள். சிறுநீர் கூடக் கூட வீக்கம் வடிந்தது. பெனிசிலினும் கொடுத்தார்கள். அது மிஞ்சியிருக்கும் கிருமிக்கு, சிறுநீரகம் தானாகத்தான் ஆற வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் சிரங்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

குறையும் உண்டு. இரவில் தாய்மார் உட்கார நல்ல கதிரை இல்லை. குளிருக்குக் கழிப்பறைப் பக்கம் போகவே முடியாது. வீட்டுக்குப் போகும்போது கொடுத்த அறிவுறுத்தல் துண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. கருவாடு, உப்புப் போட்ட சம்பல், பேக்கரிப் பாண் ஆகியவற்றைக் கொஞ்சக் காலம் தவிர்க்க வேண்டும் என்பதை யாராவது வாயால் சொன்னால்தான் தெரியும். தமிழ் பேசும் தாய்மார் நிறைந்த வார்டில் இந்தத் துண்டைத் தமிழில் அச்சிடுவது பெரிய செலவில்லை. இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

கிளினிக் ஒழுங்காக நடக்கிறது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியும் அன்று பார்க்க வேண்டியதும் எழுதியிருக்கும். சி-3 பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் வழமைக்குத் திரும்ப வேண்டும். இவனுக்குத் திரும்பிவிட்டது. திரும்பாவிட்டால் வேறு சிறுநீரக நோயா என்று தேட வேண்டும், அதனால் அந்தக் கிளினிக்கைத் தவறவிடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் சிறுநீரில் பல மாதங்கள் இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகச் சுகமாகிவிடுகிறார்கள் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் தங்கை நிம்மதியாக மலைக்குப் போனாள்.

அந்தத் தனியார் நிலையத்துக்கு நான் மறுபடி போக மாட்டேன். உங்கள் கையில் யாராவது ரெனின், அல்டோஸ்டெரோன் என்று எழுதித் தந்தால், பணம் கட்டுமுன் எழுதியவரிடம் கேளுங்கள்: எண் கூடினாலும் குறைந்தாலும் பிள்ளையின் வைத்தியத்தில் எதை மாற்றப் போகிறீர்கள்? அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் காசுக்கு பஸ் ஏறிப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.