வேலையைச் சரிபார்க்கும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்: தரை ஹீட்டிங் வேலையில் நாங்கள் ஏமாந்த கதை

கனடாவில், குறிப்பாக ஒன்டாரியோவில், வீட்டுத் தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதிக்கும் ஹீட்டிங் போட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். மிசிசாகாவில் எங்கள் பேஸ்மென்ட்டில் இந்த வேலையை எடுத்தவர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார். பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா எங்களோடு வந்து தங்குவதற்காக பேஸ்மென்ட்டை மாற்றிக் கட்டினோம். 800 சதுர அடி, பின்பக்கம் தோட்டத்துக்குக் கதவு உள்ள வாக்-அவுட். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர்ந்த தரையில் கால் வைக்கவே முடியாது. பழைய தளத்தைப் பெயர்த்து, குழாய் பதித்து, புதிதாகக் காங்கிரீட் போடுவதாகப் பேச்சு. சூடு மண்ணுக்குள் போகாமல் தடுக்க அடியிலும் ஓரங்களிலும் இரண்டு அங்குல ஃபோம் போர்டு, ஆக்சிஜன் தடுப்பு உள்ள பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய், நான்கு லூப் (தனித்தனிக் குழாய்ச் சுற்று) என்று கொட்டேஷனில் எழுத்திலேயே இருந்தது. பெர்மிட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசிவரை எடுக்கவில்லை.

காங்கிரீட் வெள்ளிக்கிழமை வரும் என்றார். வியாழனன்று நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் லாரியை வரவழைத்து ஊற்றிவிட்டார். மாலையில் வந்து பார்த்தால் ஈரத் தரைதான் இருக்கிறது.

"ஃபோம் எல்லாம் போட்டீங்களா அண்ணா?"

"எல்லாம் போட்டாச்சு தம்பி. அம்மா இனிமே வெறுங்காலோட நடக்கலாம்."

மிச்சப் பணத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்.

பனிக்காலம் வந்ததும் பாய்லர் பக்கம் தரை சூடாகவும் அம்மாவின் கட்டில் பக்கம் ஜில்லென்றும் இருந்தது. கூப்பிட்டதற்கு வந்து, பாய்லர் தண்ணீரின் சூட்டை 70 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் போனார். இந்த மாதிரித் தரைக்கு 35 முதல் 45 டிகிரித் தண்ணீரே போதும். மேலே போட்டிருந்த லேமினேட் பலகை 27 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. கொஞ்ச நாளில் பலகைகள் சுருங்கி, இடையில் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டன. கேஸ் பில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்கதவுக்கு வெளியே எல்லா இடத்திலும் பனி கிடக்க, சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் உருகி மண் தெரிந்தது. நாங்கள் காசு கொடுத்த சூடு அந்த வழியாகத்தான் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வேறொரு ஹீட்டிங் டெக்னீஷியனை அழைத்து வந்தோம். அவர் முதலில் செய்தது, சுவரோரம் மேலே எட்டிப்பார்க்கும் குழாயைத் துடைத்து, அதில் அச்சடித்திருப்பதைப் படித்ததுதான். ஆக்சிஜன் தடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. குடிநீருக்குப் போடும் சாதாரணக் குழாய். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சாதாரணக் குழாயின் சுவர் வழியாக ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து, இரும்பு பம்ப்பைத் துருப்பிடிக்க வைக்கும். வால்வைத் திறந்ததும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. லூப்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் இரண்டு லூப்தான் இருந்தது. ஓர் அடி இடைவெளியில் பதித்தால் 800 சதுர அடிக்கு ஏறக்குறைய 800 அடிக் குழாய் வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஒரு லூப் 300 அடிக்கு மேல் போகக் கூடாது. இங்கே ஒவ்வொன்றும் 400 அடி. தண்ணீர் பாதி வழியிலேயே ஆறிவிடாமல் என்ன செய்யும்? கடைசியாக, குழாய் இல்லாத மூலையில் துளை போட்டுப் பார்த்தார். காங்கிரீட்டுக்குக் கீழே நேராக ஜல்லி. ஃபோம் ஒரு துண்டுகூட இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்காத இடம் அதுதான். குழாயை மாற்ற முடியாவிட்டாலும், நடுவில், பாய்லர் தண்ணீரும் தரைத் தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, துருப்பிடிக்காத பம்ப் மாட்டிச் சமாளிக்கலாம். அடியில் ஃபோம் இல்லாததற்கு முழுத் தளத்தையும் உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதனால் காங்கிரீட் ஊற்றும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருங்கள். ஃபோம், குழாயின் எழுத்து, லூப்கள் எல்லாவற்றையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். குழாயில் காற்றை அடைத்து பிரஷர் கேஜ் மாட்டியிருக்க வேண்டும், வழக்கமாக 100 பிஎஸ்ஐ வரை ஏற்றுவார்கள். ஊற்றி முடிக்கும்வரை அந்த முள் இறங்கக் கூடாது. யாராவது மண்வெட்டியால் குழாயைக் குத்திவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். எங்கள் வேலையில் கேஜ் மாட்டவே இல்லை என்று கூட வேலை செய்த பையனே பிறகு ஒப்புக்கொண்டான்.

வேலை தொடங்கும் முன் எஃப்280 என்ற கனடியத் தரமுறைப்படி, வீடு எவ்வளவு சூட்டை இழக்கும் என்ற வெப்ப இழப்புக் கணக்கைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அந்த ஆள் வேண்டாம். கேஸ் பாய்லரைத் தொடுபவர் டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு உள்ளவரா என்று பாருங்கள். ஒன்டாரியோ சட்டப்படி, எஸ்டிமேட் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் 10 சதவீதம் வரைதான் கூடுதலாகக் கேட்கலாம். கட்டுமான வேலைகளில் கொடுக்க வேண்டிய பணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்து வைக்கவும் சட்டம் இருக்கிறது. "நம்ம ஆளுக்குள்ள என்ன தம்பி சட்டம்" என்பார்கள். பிடித்து வையுங்கள்.

நாங்கள் சிறிய தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறோம். அங்கே கேட்கக்கூடிய தொகையின் வரம்பு 2025 அக்டோபர் முதல் 50,000 டாலர். அம்மா இப்போது மாடியில் எங்கள் மகளின் அறையில் இருக்கிறார். இதே வேலைக்கு உங்கள் கையில் கொட்டேஷன் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், எதைக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.