புதன்கிழமை ஊசியா, கிளினிக் ஊசியா?

சேலத்தில் குழந்தைக்கு ஒன்றரை மாதம் நெருங்கினால் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும்: ஊசியைப் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவதா, தனியார் டாக்டரிடமா?

அட்டவணை ஊசிகளுக்கு அரசு இடமே போதும் என்பேன். பிசிஜி (காசநோய்க்கு), போலியோ, பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கு), ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு), தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் இலவசம். வெளியே ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கும் நிமோகாக்கல் (நிமோனியா தடுப்பு) ஊசியும் 2021 முதல் அரசிலேயே போடுகிறார்கள்.

கிளினிக்கில் பென்டாவேலன்டுக்குப் பதிலாக ‘வலியில்லா ஊசி’ உண்டு. காய்ச்சலும் வீக்கமும் குறைவு, உண்மைதான். ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் குறைந்துவிடும். இதைச் சொல்பவர்கள் குறைவு. நீடிக்கும் பாதுகாப்புக்காக அரசு ஊசியின் ஓரிரவுக் காய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் வேண்டுமானால் தனியார்தான்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் கதையே வேறு. கைக்குழந்தையோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் எஸ்டேட் கூலி ஒரு நாள் போச்சு. அங்கே ஊருக்கே வரும் கிராம சுகாதார செவிலியர்தான் கைகண்ட வழி.

அரசு ஊசி என்றால் குப்பியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். லேபிளிலோ மூடியிலோ வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமானால் வெப்பம் பட்டுவிட்டது, வேண்டாம். கிளினிக்கில், கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்குமா என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு இடத்திலும் மாறி மாறிப் போட்டால், எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.